புள்ளியக்கா அமுக்காத சொல்

அச்சகத்தில் அவளுக்குப் புள்ளியக்கா என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒற்றெழுத்தின் தலையில் விழவேண்டிய புள்ளி ஒன்று விழாமல் போனால் அது அவள் கண்ணில் தூசி மாதிரி உறுத்தும். முப்பத்தோரு வருடமாகப் பிழை திருத்துகிறாள். பேருந்தில் போய் அச்சகத்திலிருந்து ஒரு பென்டிரைவை வாங்கி வருவாள். அதிலிருக்கும் புத்தகத்தைத் திருத்தி முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கி வருவாள். மற்ற நாளெல்லாம் இரண்டாவது மாடியிலிருக்கும் வீட்டில், சாப்பாட்டு மேசையின் ஜன்னலோர மூலையில் பத்து மணிக்கு உட்கார்ந்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பாள்.

மேசையின் மறு மூலை அவள் வீட்டுக்காரருடையது. அவர் குழாய் வேலை செய்பவர். வாஷர், திருகாணி, துருப்பிடித்த குழாய்த் தலை என்று ஏதாவது ஒன்று அங்கே செய்தித்தாளின் மேல் கிடக்கும். எல்லை தாண்டி ஒரு வாஷர் உருண்டு வந்தால் புள்ளியக்கா அதை விரல் நுனியால் சுண்டி அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, தலை நிமிராமல் வேலையைத் தொடர்வாள்.

அவளுடைய மடிக்கணினிக்கு ஒன்பது வயது. விசைகளில் பாதி எழுத்துகள் தேய்ந்து அழிந்துவிட்டன. அதனால் அவளுக்கு ஒன்றும் குறையில்லை. பழைய தட்டச்சு இயந்திரத்தில் பழகிய விரல்களுக்கு எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கண் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியில் ஒரு நாள் காலை திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்து நின்றது. இதில் ஓடும் இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. புதிய பதிப்பை ஏற்கும் தகுதி இந்தக் கணினிக்கு இல்லை. ஆகவே புதுக் கணினி வாங்கிக்கொள்ளவும். மூடினாள். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

"நல்லா ஓடுற வண்டியைப் பார்த்து, நீ செத்துப் போயிட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கு," என்றாள் வீட்டுக்காரரிடம்.

"சொல்றது யாரு? வண்டியா, வண்டி விக்கிறவனா?" என்றார் அவர்.

அந்தக் கேள்வி அவளை யோசிக்க வைத்தது. கணினியைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த பழுது பார்க்கும் கடைக்குப் போனாள். ஒரு கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த கடை அது. உள்ளே போகிறவர்கள் தலையைக் குனிந்துதான் போகவேண்டும். கடைக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். வாயில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டே பேசுவாள்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு அக்கா. உள்ள ஓடுறதை மட்டும் மாத்தினா போதும். லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு. திறந்த மூலம்."

"அப்படின்னா?"

"எப்படி எழுதியிருக்காங்கன்னு மூடி மறைக்காம வெளியில வெச்சிருப்பாங்க. யாரு வேணா எடுத்துக்கலாம், பார்க்கலாம், மாத்தலாம்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் குழாய்த் தலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மூலம் திறந்திருந்தா வைத்தியர்கிட்டல்ல போகணும்? நீ எதுக்குக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனே?"

கடைக்காரி ஒரு பென்டிரைவும், ஒரு தாளில் கையால் எழுதிய எட்டு வரிகளும் கொடுத்திருந்தாள். பென்டிரைவைச் செருகி, கணினி விழிக்கும்போதே ஒரு விசையை அமுக்கினால், உள்ளே எதையும் தொடாமல் புதிய இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அணைத்துவிட்டுப் பழையபடி இருந்துகொள்ளலாம். இரண்டு நாள் அப்படி ஓட்டிப் பார்த்தாள். எந்த மொழி வேண்டும் என்று அது கேட்டபோது தமிழ் என்றாள். திரையெங்கும் தமிழ் வந்தது. இத்தனை வருடம் தமிழைத் திருத்துவதற்காக ஆங்கிலத்தில் பேசும் ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தோமே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் நிறுவத் துணிந்தாள். பாதி வழியில், கணினியின் வட்டில் இருப்பது எல்லாம் அழிக்கப்படும் என்று ஒரு வரி வந்தது. விரல் அந்தரத்தில் நின்றது.

"என்ன, கை நின்னுடுச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"எல்லாம் அழிஞ்சிடுமாம்."

"மெயின்ல தண்ணியை அடைச்சிட்டுத்தானே குழாய்ல கை வைக்கணும். அடைச்சியா?"

முந்தின நாளே எல்லாவற்றையும் வெளிவட்டில் நகலெடுத்து, அந்த வட்டை அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தாள். "அடைச்சிட்டேன்," என்று சொல்லி அமுக்கினாள். இருபது நிமிடத்தில் ஒன்பது வருடம் துடைத்தெடுக்கப்பட்டது.

முதல் மாதம் ஒரு குழந்தை நடை பழகுகிற கதைதான். கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்டது. அடித்தால் ஓர் எழுத்தும் விழவில்லை, நட்சத்திரம்கூட இல்லை. கடைக்கு போன் போட்டாள். "விழாது அக்கா. ஆனா வாங்கிக்கும். நம்பி அடிச்சிட்டு என்டர் தட்டுங்க." நம்பி அடித்தாள்; வாங்கிக்கொண்டது. அச்சகத்திலிருந்து வந்த பழைய கோப்பைத் திறந்தால் கொக்கியும் குடையும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகளாகக் கொட்டியது. அச்சகம் இன்னும் பழைய எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் காரணம் என்று தெரிந்தது. வெளிவட்டிலிருந்து அந்த எழுத்துருவைத் தேடி எடுத்து உரிய இடத்தில் போட்டதும் குப்பையெல்லாம் கலைந்து தமிழ் எழுந்து வந்தது. அன்றைக்கு யாரிடமும் கேட்காமல் தானே செய்தாள். பழைய தட்டச்சு முறையும் ஒரு பட்டியலின் அடியில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து ஒரு வரி அடித்துப் பார்த்தபோது, ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சொந்த வாசற்படியில் கால் வைத்ததுபோல் இருந்தது.

வந்த வினை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது.

ஒரு கோப்பின் மேல் வலப்பக்கம் சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும். அதில் 'நீக்கு' என்று ஒரு சொல். தேவையில்லாத ஒரு கோப்பில் அதை அமுக்கிப் பார்த்தாள், கோப்பு போய்விட்டது. சரி, நீக்கு என்றால் அழி. பென்டிரைவின் மேல் சொடுக்கினால் அங்கே 'இயக்ககத்தை நீக்கு' என்று இருந்தது; இயக்ககம் என்றால் அந்தப் பென்டிரைவ்தான். அதை அமுக்கினால் பென்டிரைவில் இருப்பது மொத்தமும் அழிந்துபோகும் என்று எடுத்துக்கொண்டாள். வேறெப்படி எடுத்துக்கொள்வது? கடைக்காரியைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஒன்று தெளிவாக எழுதியிருக்கும்போது அதன் அர்த்தத்தை இன்னொருவரிடம் போய்க் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. எழுதியிருப்பதை நம்புவதுதான் அவள் தொழில். அதனால் அந்தச் சொல்லின் பக்கமே போகாமல், வேலை முடிந்ததும் பென்டிரைவை அப்படியே உருவி எடுத்து வந்தாள். ஏழு வாரம் ஒன்றும் ஆகவில்லை.

எட்டாவது வாரம் ஒரு தோல் மருத்துவர் எழுதிய புத்தகம் வந்திருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சொறி, சிரங்கு, படை, தேமல் என்று பதினோரு நாள் அதிலேயே உழன்றாள். படிக்கப் படிக்க முழங்கையில் அரிப்பதுபோல் ஒரு பிரமை. பென்டிரைவில் இருந்த கோப்பையே நேராகத் திறந்து திருத்துவது அவள் வழக்கம். கடைசி நாள் அவசரமென்று அச்சகம் அனுப்பிய வண்டிக்காரர் கீழே நின்று ஒலிப்பானை அடித்தார். சேமித்தாள், உருவினாள், படியிறங்கிப் போய்க் கொடுத்தாள்.

ஒரு மணி நேரத்தில் மேலாளர் கூப்பிட்டார். "அக்கா, கோப்பு திறக்கவே மாட்டேங்குது. உடைஞ்சு போயிருக்கு."

"எங்கிட்ட நல்லாத்தானே இருந்தது?"

"உங்ககிட்ட வேற பிரதி இருக்கா?"

இல்லை. அச்சகத்தில் இருந்தது திருத்தாத மூலப்பிரதி மட்டும்தான்.

மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லை அக்கா. எல்லாம் அந்தப் புதுசு வந்த பிறகுதான். பேசாம பழசுக்கே போயிடுங்களேன்," என்று மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவில்தான் அவளுக்குக் கண் கலங்கியது.

பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். நடந்ததைக் கேட்டதும் கடைக்காரி திருகாணியை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

"நீங்க சேமிச்சதும் அது உடனே பென்டிரைவுக்குப் போயிடாது அக்கா. கொஞ்சம் கையில வெச்சிருந்து மெதுவா எழுதும். 'நான் எடுக்கப் போறேன்'னு முதல்ல சொல்லணும். சொன்னா மிச்சத்தையும் எழுதி முடிச்சிட்டு விட்டுடும்."

"எங்க சொல்றது?"

கடைக்காரி பட்டியலை விரித்துக் காட்டினாள். இயக்ககத்தை நீக்கு.

"இதா? நீக்குன்னா அழிக்கிறதுதானே!"

"அட, ஆமா." கடைக்காரி திரையைக் கிட்டே போய்ப் பார்த்தாள். "நான் இதைத் தமிழ்ல படிச்சதே இல்ல அக்கா. எல்லாரும் இங்கிலீஷ்லதான் வெச்சுக்குவாங்க. அதான் இத்தனை நாளா யார் கண்ணுலயும் படலை."

"இதை எழுதினது யாரு?"

"யாரோ. சம்பளத்துக்கு எழுதுறதில்ல, ஆசைக்கு எழுதுறாங்க. தப்புன்னா நீங்களே திருத்திப் போடலாம். திறந்த மூலம்னு சொன்னேனே."

புள்ளியக்காவுக்கு அப்போது அது காதில் ஏறவில்லை. கோபம்தான் முன்னால் நின்றது. வீட்டுக்கு வந்து, 'இந்த மென்பொருளைப் பற்றி' என்றிருந்த பகுதியைத் திறந்தாள். தமிழாக்கம் என்பதற்கு எதிரே ஒரே ஒரு பெயரும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருந்தன. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கடிதம் எழுதினாள். நீக்குவது வேறு, எடுப்பது வேறு என்று தொடங்கி, பதினோரு நாள் உழைப்பு பாழானதைச் சொல்லி, 'இந்த வேறுபாடு தெரியாதவர்கள் மொழிபெயர்க்க வரக்கூடாது' என்று முடித்தாள். ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தாள். பிழையில்லை. அனுப்பிவிட்டாள்.

பிறகு சொறி சிரங்கை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து எடுத்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு நாளும் இரண்டு இடத்தில் நகல் வைத்தாள். பழைய இயங்குதளத்துக்குத் திரும்பிப் போகலாமா என்று அவ்வப்போது தோன்றியது. பழி எதன் மேல் என்று தெரிந்தபிறகு அப்படிப் போவதும் நியாயமாகப் படவில்லை. வேலை வேகமாக ஓடியது. எங்கெங்கே பிழை என்று ஏறக்குறைய மனப்பாடமாகத் தெரியும். நாற்பத்தாறாம் பக்கத்தில் கை நின்றது. 'தடிப்பு' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'துடிப்பு' என்று இருந்தது. இது அவள் நினைவில் இல்லை. போன தடவை இதைப் பார்க்காமல் தாண்டிப் போயிருக்கிறாள். இன்னும் பத்துப் பக்கம் தள்ளி இன்னொன்று. முடிக்கும்போது கணக்குப் பார்த்தால், முதல் தடவை அவள் கண்ணுக்குத் தப்பிய பிழைகள் பதினேழு. கோப்பு உடையாமல் இருந்திருந்தால் பதினேழும் அச்சேறியிருக்கும். அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். இதை அவள் மேலாளரிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னாள். அவர், "ஒழுகாத குழாயை நானும் மறுபடி திறந்து பார்த்ததில்ல. பார்த்தா தெரியும்," என்றார்.

பதில் கடிதம் வந்தது அந்த வாரத்தில்தான்.

'வணக்கம் அம்மா. நீங்கள் சொன்னது சரி, அது பிழை. உங்கள் உழைப்பு என்னால் வீணானதற்கு வருந்துகிறேன். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பதினாலு வருடத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உட்கார்ந்து இதைத் தமிழில் எழுதினேன். மொத்தம் நாலாயிரத்து இருநூறு வரி. எங்களுக்கு வெறும் பட்டியலாகத்தான் வரும். ரிமூவ் என்று ஒரே ஒரு சொல் இருக்கும். எதன் மேல், எந்த இடத்தில் என்று இருக்காது. குத்துமதிப்பாக எழுதுவோம். யாராவது படித்துவிட்டுச் சொல்வார்கள், திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லை. யாரும் படிக்கவில்லையோ என்றுகூட நினைத்ததுண்டு. பதினாலு வருடத்தில் எனக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையது. திட்டுத்தான், ஆனாலும் கடிதம். அந்த இடத்தில் என்ன சொல் வரவேண்டும் என்று சொல்லுங்கள்.'

புள்ளியக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். தான் அனுப்பியதை எடுத்து இன்னொரு தரம் படித்தாள். கடைசி வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லைதான். அதை எழுதியிருக்கவே கூடாது என்பதைத் தவிர அதில் வேறு குறை இல்லை. அந்த வாரம் எண்ணிய பதினேழும் அவள் முன்னால் வந்து வரிசையாக நின்றன.

முதலில் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதினாள். பிறகுதான் சொல்லுக்கு வந்தாள். 'அகற்று' எழுதிப் பார்த்தாள். ஆக்கிரமிப்பை அகற்றுகிற மாதிரி இருந்தது. 'வெளியேற்று' என்றால் யாரையோ கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதுபோல. மறு மூலையில் வேலையாயிருந்த வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"இந்தப் பென்டிரைவை எடுக்கிறதுக்கு நீங்க என்ன சொல்வீங்க?"

"எதை?"

"செருகியிருக்கிறதை, சேதாரம் இல்லாம எடுக்கிறதை."

"கழட்டுறதுதான். இதுக்கு என்ன பெரிய ஆராய்ச்சி?" என்றவர், சற்று யோசித்து, "ஆனா பார்த்து. 'கழட்டி விட்டுட்டா'ன்னு ஊர்ல வேற அர்த்தம் இருக்கு," என்றார்.

"உங்களைக் கழட்டி விடுறதா இருந்தா இவ்வளவு யோசிப்பேனா?" என்று சொல்லிவிட்டு, 'பத்திரமாகக் கழற்று' என்று எழுதினாள். நடுவே வரவேண்டிய 'க்' சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்பினாள்.

லிஃப்ட்காரர் சட்டென்று ஒப்புக்கொள்ளவில்லை. பட்டறைச் சொல்போல் இருக்கிறதே, 'விடுவி' என்று வைத்தால் என்ன என்று கேட்டார். கூண்டில் இருக்கிற கிளியா அது, என்று இவள் எழுதினாள். இரண்டு நாள் சத்தமில்லை. அப்புறம் ஒரு கடிதம். 'நீங்கள் சொன்னதுதான் சரி. தினமும் பத்துத் தடவை நான் சொல்கிற சொல் அது. மோட்டாரைக் கழட்டு, கதவைக் கழட்டு. எழுத உட்கார்ந்தபோது மட்டும் ஏன் வரவில்லை என்று யோசித்தேன். கம்ப்யூட்டருக்கு எழுதுகிறோம் என்று வேலைச் சட்டையை மாற்றிவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறேன்.'

சொல் உடனே மாறிவிடவில்லை. யாரோ பார்க்கவேண்டும், யாரோ ஒப்புக்கொள்ளவேண்டும், அடுத்த பதிப்பில் சேரவேண்டும். ஐந்து மாதம் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் லிஃப்ட்காரர் அந்தப் பட்டியலுக்குள் நுழைவது எப்படி என்று ஒவ்வொரு படியாக எழுதி அனுப்பினார். மிச்ச வரிகளையும் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். முப்பத்தோரு வருடத்தில் பிழையைச் சுட்டிக்காட்டச் சொன்னவர்கள் உண்டு. நீயே எழுது என்று சொன்னவர்கள் இல்லை. நாளைக்குப் பத்து வரி என்று எடுத்துக்கொண்டாள். பிழை நிறைய இருந்தது. ஒற்று இல்லாத இடங்கள், ஆங்கிலத்தை முதுகில் சுமந்து தள்ளாடும் வாக்கியங்கள். திருத்திக்கொண்டே போனாள்.

ஆயிரத்து நூறைத் தாண்டியபோது ஒரு வரி வந்தது. காலியாக இருக்கும் கோப்புறையைத் திறந்தால் திரையில் தெரியவேண்டிய வரி. காலி என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் 'இங்கே இன்னும் ஒன்றும் வைக்கவில்லை' என்று எழுதியிருந்தது.

அந்த 'இன்னும்' என்ற சொல்லில் நின்றுவிட்டாள். ஒன்றுமில்லை என்று கையை விரிக்காமல், வைக்கலாமே என்று சொல்கிற சொல். திருத்த ஒன்றுமில்லை. அடுத்த வரிக்குப் போகவேண்டியதுதான். ஆனால் போக மனம் வரவில்லை. பிழை திருத்துகிறவர்களுக்கு ஓரத்தில் போட எத்தனையோ குறிகள் உண்டு. சேர்க்க ஒன்று, எடுக்க ஒன்று, ஒட்ட ஒன்று, பிரிக்க ஒன்று. நன்றாயிருக்கிறது என்பதற்கு ஒரு குறி கிடையாது. இத்தனை வருடத்தில் ஒரு பக்க ஓரத்தில்கூட அப்படி அவள் எழுதியதில்லை. அவளுக்கும் யாரும் எழுதியதில்லை. சரியாக இருக்கிற வரிக்கு மேல் கண் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

அன்று லிஃப்ட்காரருக்கு ஒரு வரிக் கடிதம் எழுதினாள். 'ஆயிரத்து நூற்று ஆறாம் வரி நன்றாக இருக்கிறது.' அனுப்பும் முன் எதையோ தவறாகச் செய்வதுபோல் கூச்சமாக இருந்தது.

புதிய பதிப்பு வந்ததும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பென்டிரைவின் மேல் சொடுக்கியபோது 'பத்திரமாகக் கழற்று' என்று இருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். "நான் சொன்னதுதானே? என் பேரைப் போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். பிறகு தானே ஒரு தடவை அமுக்கி, எடுக்கலாம் என்று திரை சொல்லும்வரை காத்திருந்து, பென்டிரைவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

லிஃப்ட்காரரின் பதில் மறுநாள் வந்தது.

'அம்மா, எந்த வரி என்று எனக்கே நினைவில்லை, போய்ப் பார்த்தேன். அது நான் எழுதியதில்லை. நான் காலி என்றுதான் எழுதியிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, காலின்னு மூஞ்சியில அடிச்ச மாதிரியா சொல்லுவாங்க என்று கேட்டு, அவள்தான் இப்படிச் சொன்னாள். உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள். அவள் சொல்லி எழுதியது இன்னும் ஏழெட்டு இருக்கும். எவை என்று எங்கள் இருவருக்குமே மறந்துவிட்டது. உங்கள் கண்ணில் பட்டால் அதையும் எழுதச் சொல்கிறாள்.'

புள்ளியக்கா பட்டியலைத் திறந்தாள். அன்றைய பத்து வரி பாக்கியிருந்தது.